பொருள் கேட்டாள் ஒருத்தி!

"ஒலியிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது, பொருள் எதற்கு?" - இந்த உபதேசம் திருச்சியில் இப்போது தெருவுக்குத் தெரு கேட்கிறது, தோழர்களே! முன்பு கோயிலுக்குள்ளே கேட்டது; இன்று யோகப் பயிற்சிக் கூடத்திலே கேட்கிறது. முன்பு புரோகிதர் சொன்னார். இன்று வெள்ளுடை தரித்த பயிற்சியாளர், விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்துக் கொண்டு சொல்கிறார். விரிப்பை விரி, முதுகை நிமிர்த்து, கண்ணை மூடு, வடமொழி மந்திரத்தை நூற்றெட்டு முறை ஓது - நரம்பு தளரும், நெஞ்சம் குளிரும், நினைவு கூர்மை பெறும்! தமிழில் ஓதினால்? "ஆகாது, அந்த அதிர்வு வடமொழி ஒலிக்கு மட்டுமே உண்டு!" - வருகிறது பதில், விநாடியும் தாமதியாமல்.

நான் பள்ளி ஆசிரியை. வீடு திருவரங்கத்தில், வேலை காவிரிக்கு அக்கரையில், மலைக்கோட்டை தெரியும் தூரத்தில். கட்டுக்கட்டாக ஏடுகளைத் திருத்தித் திருத்தி முதுகுவலி கண்டதும், மருத்துவர் சொற்படி ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். மூன்று திங்கள் சென்றேன். பயன் இருந்தது. பொய் சொல்லிப் பகுத்தறிவை வளர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன் - கால் மணி நேரம் நிதானமாக ஓதி முடித்தபோது படபடப்பு அடங்கியது, இரவு உறக்கம் நன்றாக வந்தது.

என் வகுப்பு மாணவி ஒருத்தியும் என்னோடு வரத் தொடங்கினாள். அவள் தாய், விடிவதற்கு முன்னே எழுந்து நகரின் தெருக்களைப் பெருக்கிச் சுத்தம் செய்பவர். பெண் கெட்டிக்காரி, எதையும் கேட்டுவிடுவாள். இரண்டாம் நாளே கேட்டாள்: "இதுக்கு என்ன அர்த்தம் மாஸ்டர்?"

"அர்த்தம் உனக்கு எதற்கம்மா? நீ மனத்துக்குள்ளே சொல்லிக் கொண்டால் போதும். இந்த மந்திரத்தை உரக்கச் சொல்ல ஒரு தகுதி வேண்டும்."

"என்ன தகுதி மாஸ்டர்?"

பதில் இல்லை. பெயரும் முகவரியும் எழுதியிருந்த பதிவேட்டை மூடி வைத்தார். மறுநாள் அவள் வரவில்லை. அந்தத் திங்களோடு நானும் நின்றுவிட்டேன்.

தகுதி! எவ்வளவு பழைய சொல், எத்தனை செவிகளை அடைத்த சொல்! வேதம் ஓதுவதைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரனின் செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். ஏட்டோடு போன விதி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பிற்காலத்துப் பேரறிஞர்கள் அதை மேற்கோளாக எடுத்தாண்டிருக்கிறார்கள். சங்கரர் எடுத்தாண்டார். நமது திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசரும், பிரம்ம சூத்திரத்துக்கு வரைந்த ஸ்ரீபாஷ்யத்தில், சூத்திரனுக்கு வேத வழியில் அந்த ஞானத்துக்கு அதிகாரம் இல்லை என்ற முடிவையே நிலைநாட்டுகிறார். அதே இராமானுசர்தாம், ஆசானின் தடையை மீறி, நரகம் எனக்கு வந்தாலும் வரட்டும் என்று திருக்கோட்டியூரில் ஏறி நின்று, ஊரார் கேட்க எட்டெழுத்து மந்திரத்தை முழங்கினார் என்று வைணவ மரபு உரைக்கிறது. எழுதிய நூலில் பூட்டு. ஏறி நின்ற இடத்தில் சாவி! திருக்கோட்டியூர்க் கதையை நாளெல்லாம் சொல்லி மகிழ்வோர், ஸ்ரீபாஷ்யத்தின் அந்தப் பகுதியை மட்டும் மெல்லக் கடந்து செல்வதேன்?

திருவரங்கத்திலே வளர்ந்தவள் நான். பெருமாள் புறப்பாட்டின்போது தமிழ்ப் பிரபந்தம் ஓதுவோர் முன்னே செல்ல, வேதம் ஓதுவோர் பின்னே வருவதைச் சிறு வயது முதலே பார்த்திருக்கிறேன். தமிழ் முன்னே, வடமொழி பின்னே! மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து. அரையர்கள் பாடி அபிநயிப்பதும் தமிழ்ப் பாட்டு. பெருமைப்படலாம்தான். ஆனால் முன்னே செல்லும் அந்த வரிசையில் நின்று ஓதும் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். ஓதப்படும் பாசுரங்களில் உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வாருடையவை பத்து. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பாணர் குலத்தவர். காவிரியின் தென்கரையில் நின்று பாடிக் கொண்டிருந்தவரைக் கல்லால் அடித்தார் ஒருவர் என்பதும் அவர்கள் சொல்லும் வரலாறுதான். பாணன் பாட்டு முன்னே போகிறது. பாணன் பேரன் வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலே நிற்கிறான்!

இந்தப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவர் நாதமுனிகள். அவரையே யோகத்தில் வல்லவர் என்றும் மரபு போற்றுகிறது. தற்கால யோகத்தின் பெரும்புள்ளியான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் தம்மை நாதமுனிகளின் வழித்தோன்றல் என்றார். 1888இல் பிறந்து 1989இல் மறைந்த அவர், மைசூர் அரண்மனையிலே பயிற்சிப் பள்ளி நடத்தியவர், பிறகு சென்னையில் குடியேறியவர், பி.கே.எஸ். அய்யங்காருக்கும் பட்டாபி ஜோயிசுக்கும் ஆசான். மந்திரம் ஓதுவதை மூச்சுப் பயிற்சியோடு இணைத்துக் கற்பித்த அவர் வழி, 1976இல் சென்னையில் தோன்றிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தின் மூலம் உலகெங்கும் பரவிற்று. மறைந்துபோன நாதமுனிகளின் 'யோக இரகசியம்' என்னும் நூல், ஆழ்வார் திருநகரியில் பதினாறு வயதில் தமக்குக் காட்சியிலே கிடைத்தது என்றார் அவர். அது அவரது சொந்த ஆக்கமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு; எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சொந்த அறிவைக்கூட முன்னோர் பெயரில்தான் வெளியிட வேண்டியிருக்கிறது நம் நாட்டிலே! ஆயினும் ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது: ஆசாரம் மிகுந்த அந்த வைணவர், பெண்களுக்கும் வேதம் ஓதக் கற்றுக் கொடுத்தார். அவர் வழியில் வருவதாகச் சொல்லிக் கொள்வோர், என் மாணவியிடம் தகுதி கேட்கிறார்கள்!

அந்த 'அதிர்வு' விவகாரத்துக்கு வருவோம். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நலமுள்ள 23 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. பௌத்தர் ஓதும் யோக மந்திரம் ஒன்றைச் சொல்லச் செய்தார்கள். கத்தோலிக்கர் மணிமாலை உருட்டிச் சொல்லும் மரியன்னை செபத்தையும் இலத்தீன் மொழியில் சொல்லச் செய்தார்கள். என்ன ஆயிற்று? இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் அலையும் இரத்த அழுத்தத்தின் அலையும் ஒரே தாளத்துக்கு வந்தன. வடமொழியும் இலத்தீனும் செய்த வேலை ஒன்றே! காரணம் மறைபொருள் அன்று. நீண்ட சொற்றொடரைச் சொல்லும்போது மூச்சு மெல்ல மெல்ல வெளியேறுகிறது. வெளிமூச்சு நீள நீள, இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு தன் வேலையைச் செய்கிறது. நரம்புக்கு மொழிப் பற்று கிடையாது.

இதற்கும் முன்னே, மகரிஷி மகேஷ் யோகியின் மந்திரத் தியானம் பழகியவர்களைச் சோதித்தவர், ஹார்வர்டு பல்கலைக் கழகத்து மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன். 1975இல் அவர் எழுதிய நூலில், இரகசிய மந்திரம் எதுவும் வேண்டாம் என்று கூறி, ஆங்கிலத்தில் 'ஒன்று' என்னும் எண்ணுப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் முறையைத் தந்தார். எண் ஒன்று! காதோடு காதாக, காணிக்கை பெற்றுக் கொண்டு கொடுக்கப்பட்ட மந்திரத்தின் இடத்திலே, அரிச்சுவடிப் பிள்ளையின் முதல் எண்!

தமிழில் இதற்கு வழி இல்லையா? மூவாயிரம் பாடல் கொண்ட திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுதும் யோகம். மூச்சை இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் விடுவதற்கும் திருமூலர் கணக்கே வகுத்திருக்கிறார். அவர் சொல்லும் பலன்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் மூச்சைப் பற்றித் தமிழில் பேச முடியும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

வகுப்பிலே பார்த்துவிடுவோம் என்று தோன்றிற்று. கடிகாரத்தை மேசைமேல் வைத்தேன். ஒருவர் மூச்சை மற்றவர் எண்ணினார்கள். நிமிடத்துக்குப் பதினெட்டு, இருபது என்றிருந்தது. பிறகு, இழுத்து நிறுத்தி, ஒரு மூச்சுக்கு ஒரு குறள் என ஏழு சீரையும் நிதானமாகச் சொல்லச் செய்தேன். பயிற்சிக் கூடத்தில் வாய்க்குள் சொல்லும்படி பணிக்கப்பட்டவள்தான் முன்னே நின்று உரக்கச் சொல்லிக் கொடுத்தாள். மூச்சு ஏழுக்கும் எட்டுக்கும் இறங்கிற்று. நாற்பது பிள்ளைகளும் ஒரு கடிகாரமும் சேர்ந்தால் ஆராய்ச்சி ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். கடைசி வரிசைப் பையன் ஒருவன் குறளுக்குப் பதிலாகப் பதினாறாம் வாய்ப்பாட்டை இழுத்து இழுத்துச் சொன்னான். அவன் மூச்சும் இறங்கிற்று. கணக்காசிரியரிடம் சொன்னேன், மகிழ்ந்து போனார்.

நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கினேன். எந்தக் குறள் என்பதை வரிசைக்கு ஒருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். பொருளைச் சொல்லிவிட்டே ஓதத் தொடங்குவோம். சென்ற கிழமை ஒருவன் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தைப் பிரித்து, கணவனைத் தொழும் மனைவி பெய்யென்றால் மழை பெய்யும் என்ற கருத்துள்ள குறளை எடுத்தான். பொருளைச் சொன்னேன். சன்னலோரத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"இதை நான் சொல்ல மாட்டேன், டீச்சர்."

"ஏன்?"

"அர்த்தம் புரிஞ்சுடுச்சே!"

சொல்ல வேண்டாம் என்றேன். வேறு குறள் தேடி அவள் ஏட்டைப் புரட்டிக் கொண்டிருந்தாள். அதுவரையில் நாற்பது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.