அச்சமும் ஐயமும்

குறையே இல்லாத காதலர்களைத் தொடர்களில் காண்கிறோம். மறுவாரமே மறந்தும் விடுகிறோம். அவர்களைப் பிரிக்க வெளியிலிருந்து ஒரு வில்லன் வந்தாக வேண்டும். 2011இல் ஹுனான் தொலைக்காட்சியில் 35 பகுதிகளாக வெளிவந்த ‘பூ பூ ஜிங் சின்’ என்னும் சீனத் தொடரில் கேடு காதலர்களின் உள்ளிருந்தே முளைக்கிறது. அது நம்முள் தங்கிவிடுவதற்கு இதுவே காரணம் எனத் தோன்றுகிறது.

தோங் ஹுவாவின் நாவலைத் தழுவிய கதை. இக்காலப் பெண்ணொருத்தி, பேரரசர் காங்ஷியின் காலத்தில் ருவோஷி என்ற இளம்பெண்ணின் உடலில் கண்விழிக்கிறாள். நான்காம் இளவரசரே அரியணை ஏறுவார் என்ற வரலாறு அவளுக்குத் தெரியும். அரியணை ஆசையைத் துறக்க மறுக்கும் எட்டாம் இளவரசரைப் பிரிகையில், நான்காமவரிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லிவிடுகிறாள். அச்சத்தில் பிறந்த அச்சொல் பகையை வளர்க்கிறது. எட்டாமவரின் தரப்பு நான்காமவருக்கு விரித்த வலையில், பழியைத் தானே ஏற்றுப் பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடக்கிறார் அவளுடைய நண்பரான பதின்மூன்றாம் இளவரசர்.

பின்னாளில் அவள் உயிராய் நேசிப்பது அதே நான்காமவரை. யோங்செங் பேரரசராகிவிட்ட அவருடைய குறை, ஐயம். சாகும் தறுவாயில் அவள் எழுதிய கடிதம் பதினான்காம் இளவரசரின் கையெழுத்துள்ள உறைக்குள் வந்து சேர்கிறது. சினத்தில் அவர் அதைப் பிரிப்பதில்லை. உண்மை தெரியும்போது அவள் உயிரோடு இல்லை.

காதல் மனிதரைத் திருத்திவிடும் என்ற ஆறுதலை இத்தொடர் நமக்குத் தருவதில்லை. இருவரும் மெய்யாகவே நேசித்தனர். நேசித்தபடியே ஒருவரையொருவர் அழித்தும் கொண்டனர். அவர்களை வெறுக்கவும் நம்மால் இயலவில்லை, முழுதும் மன்னிக்கவும் இயலவில்லை.