வால்பாறைக்குப் போன காரும் வளைவுக்கு வளைவு நின்ற இன்ஜினும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதரையில் ஓடும் சாலை, குரங்கு அருவியைத் தாண்டியதும் மலையேற ஆரம்பிக்கிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/40, 2/40 என்று பலகை வைத்திருப்பதால், பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் எண்ணிக்கொண்டே வருவார்கள். எங்கள் வண்டியில் எண்ணியது அம்மா. அவருக்கு வயது 76.

அம்மா பிறந்தது வால்பாறையில் ஒரு எஸ்டேட் லயன் வீட்டில். 14 வயதில் மலையிறங்கியவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்று, "அதுக்கு முன்னாடி அந்த வீட்டை ஒருதடவை பார்த்துட்டு வந்துடலாம்ப்பா" என்று கேட்டார். கிளம்பிவிட்டோம்.

ஆறாவது வளைவில் இன்ஜின் நின்றது.

வளைவுக்காக ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கிளட்சை மிதித்ததும் வண்டி மலேரியாக் காய்ச்சல்காரர் போல ஒரு நடுக்கம் நடுங்கி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஏறும்போது இழுவையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வளைவில் மறுபடி காலை எடுத்தால், மறுபடி நடுக்கம். ஏ.சி.யை அணைத்துப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை.

9/40 பலகைக்குப் பக்கத்தில் லோம்ஸ் வியூ பாயிண்ட். வண்டியை ஓரம் கட்டினேன். கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி தெரிகிறது. சுவர் ஓரமாக மூன்று வரையாடுகள், செல்ஃபி எடுப்பவர்களைச் சட்டை செய்யாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தன. மற்ற நாளாக இருந்தால் அரை மணி நேரம் நின்றிருப்போம்.

"திரும்பிடலாமாங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால், இதுபோன்ற வண்டியோடு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பெட்ரோல் காரில் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிப்பதற்குக் காரணம், இன்ஜின் ஓடும்போது காற்றை இழுத்து உண்டாக்கும் வெற்றிடம். அதுதான் பிரேக் பூஸ்டருக்குத் துணை. இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே அந்தத் துணை மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகலாம். பிரேக் போய்விடாது, முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும். ஆனால், அதைப் பழகிப் பார்க்கும் இடம் மலை இறக்கம் அல்ல. (அப்படி எப்போதாவது அணைந்தால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். அடுத்து வரும் பைக்காரர் உங்களை வாழ்த்துவார்.)

ஆகவே மேலேதான். அட்டகட்டி, வாட்டர்ஃபால் எஸ்டேட் எல்லாம் தாண்டி, ஏ.சி. இல்லாமல், வளைவுகளில் லேசாக ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தபடியே ஏறினோம். கவர்க்கல்லில் பட்டப்பகலில் பனிமூட்டம். இங்கே தேயிலை பயிரிட்ட முன்னோடிகளில் ஒருவரான கார்வர் மார்ஷுக்குச் சாலையோரம் சிலை இருக்கிறது. மூட்டத்தில் தொப்பிக்காரர் ஒருவர் வழி காட்ட நிற்பதுபோலவே இருந்தது. "நாங்க சின்னப் பிள்ளையில கேள்விப்பட்ட துரை" என்றார் அம்மா.

இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை வேறு. வால்பாறையில் யானைகள் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் நடமாடும். யானை நிற்கும் பகுதியை மக்களுக்குத் தெரிவிக்க, உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியவிடுகிறார்கள். அந்த விளக்கு எரியும் பாதையில் அணைந்துபோகும் வண்டியோடு நிற்க யாருக்குத் தைரியம் வரும்?

வால்பாறை டவுனில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார்.

"காலையில முதல் ஸ்டார்ட்ல நடுங்குதா, சூடானப்புறமா?"

"ரெண்டுலயும்."

"ஏ.சி. போட்டா?"

"கூடுது."

"ஏத்தத்துல திணறுச்சா?"

"இல்லை."

"அப்போ பெட்ரோல் பம்ப் மேல சந்தேகமில்ல சார். பம்ப்போ ஃபில்டரோ படுத்திருந்தா நாப்பது வளைவு ஏறி வந்திருக்க மாட்டீங்க. மலையே டெஸ்ட் பண்ணிக் கொடுத்துருச்சு."

எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் "பம்ப்பை மாத்திடலாம்" என்று சொல்பவர்களும் உண்டே.

அடுத்தது ஸ்பார்க் பிளக். எங்களுடையது மூன்று சிலிண்டர் வண்டி. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் காயில் கனெக்டரையும் சில நொடிகள் மட்டும் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றியும் நடுக்கம் கூடவில்லை என்றால், அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இங்கே மூன்றிலுமே கூடியது. மூன்றும் உழைக்கின்றன. "மூணு சிலிண்டருக்கு லேசா ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதை நோய்னு நினைச்சுக்காதீங்க" என்றார்.

பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்து, இன்ஜினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்புகளில் பூப்போலத் தெளித்தார். எங்காவது விரிசல் வழியாகத் திருட்டுக் காற்று நுழைந்துகொண்டிருந்தால், தண்ணீர் பட்ட கணத்தில் இன்ஜின் சத்தம் மாறுமாம். மாறவில்லை. பெட்ரோலோ வேறு கிளீனரோ தெளித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சூடான இன்ஜினில் அது தீ விளையாட்டு.

மிச்சம் ஒன்றுதான். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, திராட்டில் பாடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே வட்டத் தகட்டின் விளிம்பெல்லாம் தார் பூசியது மாதிரி கரி.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இந்தத் தகடு திறந்து காற்று தாராளமாகப் போகிறது, அதனால் ஏற்றத்தில் குறை தெரியவில்லை. காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். அப்போது இன்ஜின் உயிரோடிருக்கத் தேவையான கொஞ்சக் காற்றைப் பக்கவாட்டுத் துளை வழியாக அளந்து விடுவது ஐடில் வால்வு என்ற சின்ன மோட்டார். துளையும் வால்வும் கரியால் அடைபட்டால், மூச்சு முட்டி அணைகிறது. ஏ.சி. கம்ப்ரஸரின் சுமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காற்று குறைந்தது தவிர எந்த சென்சாரும் பழுதாகாததால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

கழற்றி, கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார். பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தது, கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்வதற்காக.

அந்த இடைவெளியில் டீ வந்தது, கதையும் வந்தது. கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை மலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் உண்டாம். வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் டியூன் செய்த அம்பாசடர் இங்கே வந்தால் பெட்ரோல் கூடி, கறும்புகை கக்கி, நின்று நின்று போகும். ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்து அனுப்புவார்களாம். வெயிலில் பம்ப் சூடேறி பெட்ரோல் ஆவியாகி நின்றால், வைத்தியம் ஈரத்துணி. "எங்கப்பா வாளியில துணி ஊறவெச்சே உட்கார்ந்திருப்பாரு" என்றார். அந்த அப்பாவை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்து, எந்த எஸ்டேட், எந்த லயன் என்று ஒரு உறவையே இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஸ்டார்ட் செய்தார். ஏ.சி., ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பிப் பிடித்தார். முள் 800-க்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. கிளீனர் செலவோடு 700 ரூபாய். "ஊருக்குப் போனதும் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாத்திடுங்க, அவசரமில்ல" என்றார்.

மறுநாள் காலை புதுத்தோட்டம் வழியாகப் போனோம். சாலைக்கு மேலே கிளைகளில் சோலைமந்திகள், சிங்கத்துக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றிப் பிடரியோடு. எஸ்டேட்டின் மண் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து, லயன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினேன். அம்மாவின் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அடுப்பு இருந்த மூலை மட்டும் அப்படியே இருந்ததாம். வெளியே வரும்போது அம்மாவின் முந்தானையில் ஒரு பிடி கொய்யாப்பழம்.

இறங்கும்போது இரண்டாம் கியர், தேவைப்பட்ட இடத்தில் முதல் கியர். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப் பாதையின் பழைய கணக்கு. பதினைந்தாவது வளைவில் ஒரு வெளியூர் கார், பிரேக் கருகிய வாசனையோடு ஓரமாக நின்றிருந்தது. "நியூட்ரலில் இறங்கினீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். சூடு ஆறும்வரை அரை மணி நேரம் நிற்கச் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த கொய்யாவில் இரண்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.