உப்பு தின்ற பைப்புகள்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துடையது. தொலைதூர லோடுக்கு லாரிகள் இருக்கின்றன. அளத்திலிருந்து அரவைக்கும் அரவையிலிருந்து ஊர்க் கடைகளுக்கும் மூட்டை ஏற்றிப் போவது பெரும்பாலும் பழைய பிக்கப்புகள்தான். பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகூட எஞ்சின் கெட்டு நிற்பதில்லை. அதற்கு முன்பே அடிப்பாகம் கிழடு தட்டிப்போய்விடுகிறது. அந்த அடிப்பாகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் முத்தையாபுரம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன்.

வாசலில் நின்ற வண்டிக்குக் காலையில் ஸ்டார்ட் ஆகாத நோய். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை நாலைந்து தடவை அமுக்கினால் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஓட்டுநரே சொந்தக்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார். வேறிடத்தில் ஃபில்டரை மாற்றிப் பார்த்தாயிற்று, டீசல் பம்பையும் கழற்றிச் சரிபார்த்தாயிற்று. செலவுதான் மிச்சம்.

மேஸ்திரி எஞ்சினைத் தொடவில்லை. ஃபில்டருக்கு வரும் லைனில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி ஓஸ் ஒன்றைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, அதன் அருகே குனிந்து நின்றார். டீசலோடு பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஓடின. அடுத்து ஒரு கேனில் டீசல் ஊற்றி பானெட் உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஓஸ் கொடுத்தார். குமிழ் நின்றது. எஞ்சின் சீராக ஓடியது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் என்று ஐந்தே நிமிஷத்தில் முடிவாயிற்று.

"அண்ணாச்சி, கீழ ஒரு சொட்டு டீசல் கெடயாது. பொறவு எப்படி பைப்பு போச்சுங்கீங்க?" என்றார் ஓட்டுநர்.

"சொட்டுனா நல்லதுல்லா தம்பி. கண்ணுல பட்டிரும். இது வெளிய விடாது, உள்ள காத்த இழுக்கும்."

டேங்கிலிருந்து பம்பு வரை டீசல் அழுத்தத்தில் வருவதில்லை. பம்பு உறிஞ்சுவதால் வருகிறது. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் வாய்க்குக் காற்றுதான் வரும். அதே கதைதான் இங்கும். வண்டி நிற்கும்போது அந்த ஊசித்துவாரம் வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. அதனால்தான் காலையில் அவ்வளவு அடம்.

துவாரம் எங்கே என்று தேட மேஸ்திரி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் ஓரமாகப் படுத்துப் பார்த்தேன். பளபளவென்று ஓடும் நீளமான பகுதியை அவர் கண்டுகொள்ளவில்லை. சேசியோடு பைப்பைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகளுக்கு மட்டும் டார்ச் அடித்துக்கொண்டே போனார். மூன்றாவது கிளிப்பை நெம்பி எடுத்ததும் உள்ளேயிருந்த ரப்பர் பட்டையில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. விரலால் தொட்டேன், ஈரம். வெளியில் உச்சிவெயில். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பைப்பைச் சுரண்டினார். இரும்பு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. கடைசி அடுக்குக்குக் கீழே டீசல் மினுங்கியது.

அந்தச் சேறு காயாததற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். கடலோரக் காற்றில் அது எந்நேரமும் கிடைக்கும். எனவே கிளிப்புக்குள் சிக்கிய உப்பு வருஷம் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. பைப்பை ஆடாமல் காக்க வைத்த ரப்பரே அந்த ஈரத்தைப் பொத்தி வைக்கிறது.

எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் சேசி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது பலருக்கு வழக்கம். துருவுக்கு மேலே அடித்த பெயிண்ட் துருவை நிறுத்தாது, மறைக்கும். பெயிண்டுக்கு மேல் தட்டிப் பார்க்கிற மேஸ்திரிகள் இருப்பதால்தான் இந்த வண்டிகள் பலவும் நடுரோட்டில் நிற்காமல் ஓடுகின்றன என்பது என் எண்ணம்.

துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ரப்பர் ஓஸ் போட்டு இறுக்கிவிடலாமே என்று கேட்டார் ஓட்டுநர். மேஸ்திரி மறுத்தார். "இந்தக் கிளிப்புல போச்சுன்னா அடுத்த கிளிப்புல பாதி போயிருக்கும். ஓஸ் இறுக்குதப்போ அங்கன நொறுங்கும்." செம்புப் பைப் வளைக்க லேசு, அதையாவது போடுங்கள் என்றதற்கும் தலையாட்டவில்லை. வண்டியின் அதிர்வில் செம்பு விறைத்துப்போய் ஒருநாள் விரிசல் விடும். டீசல் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடவும் செம்பு காரணமாகும். துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் முழு நீளத்துக்கு என்று தீர்ந்தது.

மறுநாள் டேங்க் பக்கத்து நட்டுதான் பாதி நாளைத் தின்றது. முந்தின சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டிருந்தும் அசையவில்லை. பற்றவைப்புத் தீயைக் காட்டினால் இளகும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். மேஸ்திரிக்குக் கோபம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே இருக்கும் ஆவி ஒரு பொறிக்குப் போதும். ஒரு ஸ்பேனரால் டேங்கின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை முதலில் மயிரிழை இறுக்கினார், பிறகு தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். அந்த மாறிமாறிய அசைவில் துரு பொடிந்து கொட்டியது. கீழே படுத்திருந்த உதவியாளப் பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவனுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அந்தக் கண்ணாடியின் விலை நட்டு விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பட்டறைச் செலவில் முதல் செலவாக அது இருந்தாக வேண்டும்.

பழைய பைப்பைத் தரையில் போட்டு, அதன் வளைவுக்கு வளைவு புதியதை வளைத்தார்கள். ஹேக்ஸா எடுக்கவில்லை, அதன் பிசிறு பம்புக்குப் போய்விடும் என்பதால் கட்டரைச் சுற்றியே வெட்டினார்கள். நுனியை விரிப்பதற்கு முன் நட்டை உள்ளே விட்டாயிற்றா என்று பையன் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். விரிந்த வாயில் கீறல் உண்டா என்று மேஸ்திரி நகத்தால் தடவிப் பார்த்தார். கம்ப்ரஸர் காற்றால் ஊதி, பேன்ஜோ போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு மாட்டினார்கள். பிறகு ஏர் எடுப்பது. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை வந்தது. நுரை தெளிந்து டீசல் மட்டும் வந்ததும் இறுக்கினார்கள்.

பம்புக்கு அந்தப் பக்கம், இன்ஜெக்டருக்குப் போகும் பைப்புகளில் இந்த வெட்டு, விரிப்பு எதுவும் கூடாது. அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம். கசிகிறதா என்று பார்க்க அட்டையைத்தான் நீட்ட வேண்டும், விரலை நீட்டக்கூடாது என்பதைப் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. நீரில் நின்ற வண்டிகளின் டேங்குக்குள் தண்ணீர் போனால் அது டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். அப்படித் தங்கினால் உள்ளிருந்து துரு. வெளியே சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஃபில்டரில் செம்மண் நிறம் கண்டால் டேங்கை இறக்குவதுதான் வழி.

கூலிக் கணக்கு வந்தது. பைப்புக்கு அடிக்கணக்கு, நட்டு வாஷருக்கு எண்ணிக்கை, மாட்டிய கூலி தனி. கண்டுபிடித்ததற்கு எதுவும் இல்லை. முன்பு இதே வண்டிக்குத் தேவையில்லாத பம்பு வேலைக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது ஓட்டுநருக்கே தெரியும். குமிழைப் பார்த்துச் சொன்ன அந்த ஐந்து நிமிஷத்துக்கும் பில்லில் ஒரு வரி வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "யாரு சார் குடுப்பா?" என்றார்.

லோடு இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார். ஓட்டுநர் சலித்துக்கொண்டார். "எங்க தெருவுல போர் தண்ணியே உப்பு அண்ணாச்சி. நல்ல தண்ணி குடம் வெலைக்கு வாங்குதோம்."

"முழு வண்டியும் வேண்டாம் தம்பி. கிளிப்பு இருக்க எடம் ஒம்போது. ரெண்டு குடம் போதும். வாரத்துக்கு ஒருக்கா ஊத்து, காஞ்சதும் கிரீஸ் தடவு." சுண்ணாம்புக் கட்டியால் அந்த ஒன்பது இடத்துக்கும் நேரே சேசியில் அடையாளம் போட்டுக் கொடுத்தார்.