நிலாவெளிக் கரையிலே ஒரு நினைவு

திருகோணமலையிலிருந்து கடலோரமாய் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் நிலாவெளியை அடையலாம். வெண்மணற் பரப்பும், அப்பால் தெரியும் புறாமலைத் தீவும் கண்ணைக் கவர்வன. எனினும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கொண்டுசென்ற உயிர்களை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

மாலையில் மணலில் அமர்ந்திருந்தோம். உடன் வந்த மாணவன் ஒருவன், “சீனத்திலே 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இலக்கியத் திறனாய்வு நூல் எழுந்ததாமே! நம் ஊர்ப்பக்கம் அத்தகையோர் இல்லையா?” என்று வினவினான்.

அவன் கருதியது லியூ ஷியே என்பாரை. இளமையிலே தந்தையை இழந்த அவர், பௌத்த மடமொன்றில் பல்லாண்டு தங்கி ஏடுகளை ஒழுங்குசெய்தார். கி.பி. 500 ஐ ஒட்டி, இலக்கியத்தை ஆராய்ந்து 50 இயல்களில் ஒரு நூல் இயற்றினார். புகழில்லாதவர் நூலை யார் மதிப்பார்? அதனைச் சுமந்து, சிறு வணிகரைப்போல் வழியோரம் நின்று, ஷென் யுவே என்னும் பெரும்புலவரின் வண்டியை எதிர்கொண்டார் என்கிறது சீன வரலாறு. புலவர் படித்தார், வியந்தார், நூல் நிலைத்தது.

“ஏடுகளிடையே வாழ்ந்த ஆய்வாளர் நமக்கும் உண்டு, தம்பி” என்றோம். 1865 இல் திருகோணமலையிற் பிறந்தவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தின் நூலகராய் விளங்கினார். பாரதியார் சிறுவராயிருந்த 1892 இலேயே, தமிழின் வரலாற்றை ஆராயும் ‘தமிழ்ப்பாஷை’ என்னும் உரையையும், பெண்ணுரிமைக்குப் பரிந்து பேசும் ‘தத்தைவிடுதூது’ என்னும் செய்யுள் நூலையும் தந்தார். 1895 இல் வெளிவந்த அவருடைய ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் வரலாற்று நாவலென்பர். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் ‘தமிழ் நாவலர் சரிதை’யைப் பதிப்பித்த பேரறிஞர். அந்தோ! இளையவர் 1902 இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார்.

மாணவன் சற்றுநேரம் வாளாவிருந்தான். “இத்தனை அருகில் பிறந்தவரை இதுவரை அறிந்திலேனே!” என்றான்.

குறை அவனுடையதன்று; சொல்லாதிருந்த மூத்தோராகிய எம்முடையது. பிறர் நூல்களைப் பேணி ஆராய்ந்தவரின் நூல்களை நாமன்றோ பேணவேண்டும்? அவையும் இன்று வழியோரத்திலே காத்து நிற்கின்றன. வண்டியிற் செல்வோர் நாமே. நிறுத்தி இறங்குவோமா, கடந்து போவோமா?

கடலின்மேல் நிலவு எழுந்தது. மறுநாட் காலையிலே பட்டினத்து நூலகத்துக்குச் செல்வதென்று முடிவுசெய்துகொண்டு எழுந்தோம்.