பின்னால் நிற்பவர்கள்

திருமண வீடுகளில் படம் எடுக்க வருகின்ற இளைஞர்களிடையே 'பொக்கே' என்றொரு சொல் வழங்கி வருகின்றது. ராஜபாளையத்தில் லென்ஸுக்கு விலை பேசுகின்றவரும் இதைச் சொல்கின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்குகின்றவரும் இதைச் சொல்கின்றார். மங்கல் என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல் இது. 1997-இல் அமெரிக்கப் புகைப்பட இதழொன்று எடுத்தெழுதிய பின்னர் உலகெங்கும் பரவிற்று. மாப்பிள்ளையின் முகம் தெளிந்து நிற்க, பின்னால் உள்ளவை யாவும் கரைந்து தோன்றுகின்றனவே, அந்தக் கரைவின் தரத்தைக் குறிப்பது அது. எவ்வளவு கரைந்தது என்பது வேறு. எப்படிக் கரைந்தது என்பது வேறு. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டுவிட்டார்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடிவாரத்தைப் போல் இதற்கு வாய்த்த இடம் வேறில்லை. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமாக்கப்பட்டு, 2021-இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்ட காட்டுப் பகுதி அது. கிளையில் படுத்திருக்கும் அணிலை ஒருமுறை இரண்டு லென்ஸ்களால் படமெடுத்துப் பார்த்தோம். அணிலுக்குப் பின்னால் இலைகளின் இடுக்குகளில் வானம் தெரிகின்றதல்லவா? அந்த இடுக்குகள் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு வெண்வட்டமாகி விடுகின்றன. ஒரு லென்ஸில் அவ்வட்டங்களின் விளிம்பு வளையலைப் போல் பளிச்சென்றிருந்தது. பின்னாலிருந்த சுள்ளிகள் இரட்டைக் கோடுகளாகப் பிரிந்து, கண் அணிலின் மேல் நிலைக்காமல் அலைந்தது. மற்றதில் விளிம்புகள் மெல்ல ஓய்ந்து ஒன்றோடொன்று கலந்தன; அணிலின் நரைத்த ரோமம் தனியே எழுந்து நின்றது. லென்ஸின் கோளப் பிறழ்ச்சியை அதைச் செய்தவர்கள் எந்த அளவுக்குத் திருத்தியிருக்கின்றார்கள் என்பதே பெரும்பாலும் இவ்வேறுபாட்டுக்குக் காரணம். மிகைபடத் திருத்தினால் பின்புலம் முரடாகும். பின்புலத்தில் மென்மை காட்டும் லென்ஸ் முன்புலத்தில் முரட்டுத்தனம் காட்டுவதும் உண்டு.

வட்டத்துக்குள்ளே வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் வளையங்கள் தெரிந்தால், அச்சில் வார்த்த கோளமல்லாத கண்ணாடி உள்ளே இருக்கின்றது என்று கொள்ளலாம். படத்தின் மூலைகளில் வட்டம் நசுங்கி வாதுமைப் பருப்பாகும். லென்ஸின் குழல் ஓரத்து ஒளியை வெட்டுவதன் விளைவு அது.

ஒளிப்புள்ளி ஏன் வட்டமாக வேண்டும்? லென்ஸின் துவாரம் வட்டமாக இருப்பதனால். பஸ்ராவில் 965-இல் பிறந்த இப்னுல் ஹைதம், சூரிய கிரகணத்தின் வடிவம் பற்றிய தம் நூலில், சிறு துவாரத்தின் வழியே விழும் ஒளி சூரியனின் பிறை வடிவத்தைக் காட்டும் என்றும், துவாரம் பெரிதாகப் பெரிதாகத் துவாரத்தின் வடிவமே மேலோங்கும் என்றும் விளக்கிவிட்டார். இன்றைய காமிராவின் வெண்வட்டங்களுக்கும் அவ்வுரை பொருந்தி நிற்பதை எண்ணி வியக்கின்றோம்.

ராஜபாளையத்தில் நம் நண்பர் ஒருவரின் மகனுக்கு நிக்காஹ் நடந்தது. அமர்த்தப்பட்ட புகைப்படக்காரர் விலையுயர்ந்த 85 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு, துவாரத்தை எஃப் 1.8 வரை முழுவதும் திறந்து வைத்தே எல்லாப் படங்களையும் எடுத்தார். மேலே சொன்ன சோதனைகளில் எதை வைத்தாலும் அந்த லென்ஸ் தேறிவிடும். சீரியல் பல்புகள் முத்துக்களைப் போல் உருண்டு நின்றன. மாப்பிள்ளையின் ஒவ்வோர் இமைமயிரையும் எண்ணலாம். அவருக்கு இரண்டடி பின்னால் நின்ற அத்தா மட்டும் வெள்ளை நிறத்தில் ஒரு தீற்றலாக இருந்தார்.

எட்டு மாதங்களில் நண்பர் மவுத்தானார். படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய வயது முதிர்ந்த தாயார், பேரனைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, இது உன் அத்தாவா, பந்தல்காலா?"

பிறகு, மாப்பிள்ளையின் மாமன் மகன் தன் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. எஃப் 4-இல் எடுத்தது. அதில் பல்புகள் ஐங்கோணங்களாக, முனை தெரிய, முரட்டுத்தனமாக இருக்கின்றன. பொக்கே அறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நண்பர் அதில் இருக்கின்றார். சற்றே மங்கலாக, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மகனைப் பார்த்தபடி. மூதாட்டி அந்தப் படத்தைத்தான் தம் அறைக்கு எடுத்துச் சென்றார்.

கணக்கும் இதையே சொல்கின்றது. பெரிய உணரி உள்ள காமிராவில், 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டரை மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4-இல் வைத்து மூன்று மீட்டரில் எடுத்தால், மாப்பிள்ளைக்குப் பின்னால் மட்டும் அரை மீட்டர் தெளிவு கிடைக்கும்; இரண்டடியில் நிற்பவர் அடையாளம் இழக்கமாட்டார். கைபேசிகளின் மங்கலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை ஆளைக் கணக்கிட்டு வெட்டுகின்றன. முக்காட்டின் சரிகை ஓரத்தையும் சில சமயம் சேர்த்தே வெட்டிவிடுகின்றன.

ஆகவே லென்ஸ் வாங்குகின்ற இளைஞர்கள் பல்புகளை மட்டும் வைத்துச் சோதிப்பதை நாம் ஒப்புவதில்லை. தமக்குத் தெரிந்த முகம் ஒன்றை இரண்டடி பின்னால் நிறுத்தி, எந்த எஃப் எண்ணில் அது இன்னார் என்று தெரியாமல் போகின்றது என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். லென்ஸுக்கு லென்ஸ் அது மாறும். மென்மையாகக் கரைக்கும் லென்ஸில் மங்கிய முகமும் முகமாகவே இருக்கும். இரட்டைக் கோடு போடும் லென்ஸில் விரைவிலேயே கலைந்துவிடும். தரம் நமக்குப் பயன்படுவது அந்த இடத்தில்தான்.

மர்ஹூமின் இளைய மகளுக்கு வரும் ஷவ்வாலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ். புகைப்படக்காரரிடம் பேசியாயிற்று. மாப்பிள்ளையைத் தனியே எடுக்கும்போது துவாரத்தை அவர் விரும்பியபடி திறந்துகொள்ளலாம். குத்பா தொடங்கியதும் எஃப் 5.6-க்குக் குறையக்கூடாது. பாட்டியாருக்குப் பின்வரிசையில்தான் நாற்காலி போடுகின்றார்கள்.