பார்: கல்மண்டபத்தில் சேர்த்த அட்டைகள்

அகராதி வேலையில் கலைச்சொற்கள் எங்களை அதிகம் அலைக்கழிப்பதில்லை. வா, போ, விடு, பார் போன்ற சின்ன வினைகள்தாம் ஆளை மாதக்கணக்கில் உட்கார வைக்கும். ‘பார்’ என்ற சொல்லுக்காக நான் எழுதிய எடுத்துக்காட்டு அட்டைகளில் பாதிக்கு மேல் கல்மண்டபம் கடைத்தெருவிலும் காசிமேட்டு மீன் சந்தையிலும் காதில் விழுந்தவை.

மீன் வாங்க வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். முதலாவதில் கண்ணுக்கு வேலை, அடுத்ததில் விரலுக்கு, பிறகு மூக்குக்கு. விலை படியாதபோது “பாத்துக் குடும்மா” என்கிறார். “நானும் நாலு காசு பாக்க வேணாவா?” என்று பதில் வருகிறது. கேட்டவர் சொன்ன ‘பார்’ தயவு. விற்றவர் சொன்னது வருமானம். இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

தொல்காப்பிய மரபியல் அறியும் வழிகளை உடம்பு, நா, மூக்கு, கண், செவி, மனம் என்று அடுக்குகிறது. அந்த வரிசையில் அட்டைகளை வைத்தேன்: தொட்டுப் பார், ருசித்துப் பார், மோந்து பார், கேட்டுப் பார், நினைத்துப் பார். கண்ணுக்குரிய இடம் மட்டும் காலி. ‘பார்த்துப் பார்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற ஐந்துக்கும் சோதித்தறியும் வேலையைக் கொடுத்த சொல் தன் சொந்த இடத்தில் தனியாகவே நிற்கிறது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முன்னால் நிற்கும் எச்சம். ‘ஏறிப் பார்த்தான்’ என்றால் ஏறிவிட்டான். ‘ஏறப் பார்த்தான்’ என்றால் முயன்றதோடு சரி. ‘விழப் பார்த்தேன்’ என்பதிலோ முயற்சிகூடக் கிடையாது, மயிரிழையில் தப்பியதுதான் உண்டு. ஓர் உயிரெழுத்து மாறியதற்கே இவ்வளவு.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் இலக்கியத்தில் ஊன்றி நின்றது. 1992இல் வெளிவந்த க்ரியா அகராதி இக்கால எழுத்துத் தமிழைக் கையில் எடுத்தது. இரண்டும் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஆனாலும் சந்தைப் பேச்சுக்குத் தனியாகச் செவி கொடுத்தே ஆகவேண்டும் என்பேன்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைப் பக்கம் கேட்ட ஓர் அட்டை: “அந்த நர்சம்மாதான் பிரசவம் பாத்தாங்க.” எங்கள் முதல் வரைவில் இது ‘வேலை பார்’, ‘கணக்குப் பார்’ ஆகியவற்றோடு, ‘செய்’ என்ற பொருளின் கீழ் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பெறுகிறவள் தாய். செவிலியர் அருகில் இருக்கிறார், நேரம் கணிக்கிறார், வேண்டியபோது மட்டும் கை கொடுக்கிறார். அட்டையை எடுத்து ‘நாடி பார்’, ‘நோயாளியைப் பார்’ இருக்கும் பிரிவில் சேர்த்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை.