தவறிய தரிப்பு

தரிக்கவேண்டிய நிலையத்தைப் புகையிரதம் தாண்டிச் செல்லின், பிரயாணிகளுக்கு மெய்க்காரணம் கூறுதல் கடனாகும் என்பது எமது துணிபு.

யப்பானில் 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாட் காலை, இத்தாமி நிலையத்தை ஒரு வண்டி ஏறத்தாழ 72 மீற்றர் கடந்தே நின்றது. தவறிய சாரதியரைச் சிறுமைப்படுத்தும் ‘மறுபயிற்சி’ அங்கு நிலவியது. அதற்கஞ்சிய 23 வயதுச் சாரதி, தூரத்தைக் குறைத்துரைக்குமாறு வண்டிக் காப்பாளரை வேண்டினார். அவரும் 8 மீற்றர் என்றே வானொலியில் அறிவித்தார். அவ்வறிவிப்பிற் சாரதியின் கவனம் சென்றதுபோலும் என விசாரணைக் குழு கருதிற்று. 70 கிலோமீற்றர் வேகத்துக்குரிய வளைவில் வண்டி 116 கிலோமீற்றர் வேகத்திற் புகுந்து, தடம்புரண்டு, மாடிக் கட்டடமொன்றில் மோதியது. சாரதியுட்பட 107 பேர் மாண்டனர்.

உண்மை உரைத்த மாணவனைத் தண்டியாது விடுத்த எம் ஆசிரியப் பெருந்தகைகளை இவ்வேளை நன்றியுடன் நினைக்கின்றோம்.